பரணில் கிடக்கும் 2 ஜிபி லேப்டாப்புக்கு இன்னும் உயிர் இருக்கா? ‘எடை குறைந்த இணையம்’ என்றால் என்ன?

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் இருக்கிற செட்டிகுளம், சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன ஊர். இந்த மாதிரி ஊர்களில் அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ படிச்சப்போ வாங்கிய அரசு லேப்டாப், இன்னும் சில வீடுகளில் பரண்மேல இருக்கும். 2011-ல் தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது கொடுத்தது 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். சார்ஜர் நல்லா இருந்தால் இப்பவும் ஆன் ஆகும். ஆனால் பிரவுசரைத் திறந்து ஒரு செய்தித் தளத்துக்குப் போனால் அவ்வளவுதான், மவுஸ் அம்புக்குறிகூட நகராது.

தம்பி காலேஜ் போறான், புதுசு வாங்கிடலாமா? அங்கேதான் சிக்கல்.

ரேம் விலை ஏன் ஏறியது?

ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் பெருமளவில் போய்க்கொண்டிருக்கிறது. சிப் தயாரிக்கும் கம்பெனிகளுக்கு அதில்தான் லாபம் அதிகம். 2025 டிசம்பரில் அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம், சாதாரண மக்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்று வந்த ‘குரூஷியல்’ பிராண்டையே மூடப்போவதாக அறிவித்தது. அதே மாதம், மலிவு விலைக் கம்ப்யூட்டர் என்று பேர் வாங்கிய ராஸ்பெரி பையும் விலையை ஏற்றியது.

இதற்கு இரண்டு மாதம் முன்புதான், 2025 அக்டோபர் 14-ம் தேதி, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் குறைந்தது 4 ஜிபி ரேம், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி, பட்டியலில் உள்ள புராசஸர் எல்லாம் வேண்டும். பழைய மெஷின் தேறாது. புது மெஷின் விலை கையைக் கடிக்கிறது.

மெஷின் மேல தப்பா, வெப்சைட் மேல தப்பா?

இந்தக் கட்டுரையில் இருக்கும் எழுத்துகளை மட்டும் ஒரு ஃபைலாகச் சேமித்தால் ஏறக்குறைய 20 கேபிதான் வரும். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் பிடித்தும் இவ்வளவுதான். ஆனால் இன்றைக்கு ஒரு சராசரி இணையப் பக்கத்தின் எடை 2 எம்பிக்கு மேல். அதாவது நூறு மடங்கு. மிச்சமெல்லாம் படம், எழுத்துரு, விளம்பரம், நீங்கள் எதைத் தொடுகிறீர்கள் என்று கவனிக்கும் நிரல்கள். டிவி சேனல்களின் தளங்களும் இதற்கு விதிவிலக்கு இல்லை. அந்த நிரல்களை ஓட்டுவதற்குத்தான் ரேமும் புராசஸரும் திணறுகின்றன. வாசிக்கிற வேலை 2011 லேப்டாப்புக்கு ஒரு வேலையே இல்லை.

இந்தக் கடுப்பில் உருவானதுதான் ஜெமினி. கூகுளின் ஏஐ இல்லைங்க, இது வேற! 2019-ல் ‘சோல்டர்பங்க்’ என்ற புனைபெயர் கொண்டவர் தொடங்கிய இணைய நெறிமுறை. ஒரு பக்கத்தைக் கேட்டால் அந்தப் பக்கம் மட்டும் வரும். குக்கீ கிடையாது, ஜாவாஸ்கிரிப்ட் கிடையாது, தானாக ஏறி உட்காரும் விளம்பரம் கிடையாது. இணைப்பு மட்டும் மறையாக்கம் செய்யப்பட்டே ஆக வேண்டும். தலைப்பு, பத்தி, பட்டியல், லிங்க், முடிந்தது. பெயர் நாசாவின் விண்வெளித் திட்டத்திலிருந்து வந்தது. அதற்கான போர்ட் எண் 1965, ஜெமினி விண்கலத்தில் முதன்முதலாக மனிதர்கள் பறந்த ஆண்டு.

இதற்கு ஒரு தாத்தாவும் உண்டு. 1991-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்த ‘கோஃபர்’. மெனு மெனுவாகத் திறந்து படிக்கும் வசதி. ஒரு கட்டத்தில் வெப்பை விட அதுதான் பிரபலம். 1993-ல் அந்தப் பல்கலைக்கழகம் கோஃபர் சர்வருக்குக் கட்டணம் கேட்கப் போவதாகச் சொன்னது. அதே ஆண்டு ஏப்ரல் 30-ம் தேதி ஐரோப்பாவின் செர்ன் ஆய்வு மையம், வெப்பை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டது. கூட்டம் எந்தப் பக்கம் போகும்? கோஃபர் சரிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நம்ம ஊரில் இது ஏற்கெனவே நடந்தது

எடை குறைந்த இணையம் என்பது வெளிநாட்டுக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர்தான் நடு மையம். தொலைபேசி சரியாக எட்டாத ஊர்களுக்கு விஎச்எஃப் ரேடியோ வழியாகவே தகவல் போனது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து எடுத்த அலை உயரத் தகவலைத் தமிழில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். ஒருத்தர் டவுன்லோடு செய்ய, ஊரே கேட்டது. இதை விட எடை குறைந்த இணையம் இருக்க முடியுமா என்ன!

அடுத்து ஐஐடி மெட்ராஸ். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய ‘கார்டெக்ட்’ என்ற வயர்லெஸ் தொழில்நுட்பம், கிராமங்களுக்கு நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகம் தந்தது. 2000-களின் தொடக்கத்தில் மதுரை மாவட்டம் மேலூர் பகுதியில் இதை வைத்து இணைய மையங்கள் நடந்தன. அங்கே வெப்கேமில் கண்ணைப் படம் பிடித்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பஸ் ஏற வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

ஒரு கணக்கு போடலாம். நொடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் 20 கேபி வர ஐந்து நொடிகூட ஆகாது. 2 எம்பி பக்கம் வர ஏழரை நிமிடம் ஆகும்.

‘லைட்’ என்றாலே நல்லதா?

அதுவும் இல்லை. ஃபேஸ்புக் கொண்டுவந்த ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ ஞாபகம் இருக்கா? டேட்டா செலவில்லாமல் எடை குறைந்த தளங்களை மட்டும் பார்க்கலாம் என்றார்கள். உள்ளே எந்தத் தளம் வரலாம் என்பதற்கான விதியை எழுதியது அந்த நிறுவனம். 2016 பிப்ரவரி 8-ம் தேதி, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் கூடாது என்று டிராய் தடை போட்டது. சரியான முடிவு. எடையைக் குறைப்பது ஒன்று, கதவைக் குறைப்பது வேறு. ஜெமினியில் எவரும் சர்வர் வைக்கலாம் என்பதுதான் பெரிய வித்தியாசம்.

ஆனால் ஜெமினியில் ஆன்லைன் விண்ணப்பம் நிரப்ப முடியாது, பணம் கட்ட முடியாது. ஸ்காலர்ஷிப் போர்ட்டலுக்கு அது மாற்று ஆகாது. தமிழ் எழுத்து அதில் வரும். ஆனால் கறுப்புத் திரையில் ஓடும் சில எளிய பிரவுசர்களில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

வெங்காயம் விற்கப் போகிறவருக்கு வேண்டியது இதை விடச் சின்ன விஷயம்: இன்றைக்கு என்ன விலை? அதற்கு எஸ்எம்எஸ் போதும். மத்திய அரசு 2013-லேயே ‘எம்கிசான்’ தொடங்கியது. இதிலும் தமிழுக்கு ஒரு நெருக்கடி. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழில் 70 குறியீடுதான். ‘சின்ன வெங்காயம்’ என்று அடித்தாலே 15 போய்விடும். பணம் அனுப்ப *99# இருக்கிறது. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிய யுபிஐ 123பே, பட்டன் போனிலும் இணையம் இல்லாமலே வேலை செய்யும்.

சரி, அந்த லேப்டாப்பை என்ன செய்யலாம்?

முதலில் பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு சின்ன எஸ்எஸ்டி போடுங்கள். அதிக வித்தியாசம் தெரிவது அதில்தான். ரேம் ஸ்லாட் காலியாக இருந்தால், டிடிஆர்3 ரேம் பழைய சாமான் கடையிலேயே தேடலாம். விண்டோஸுக்குப் பதில் லுபுண்டு, ஆன்டிஎக்ஸ் மாதிரி எடை குறைந்த லினக்ஸ். பிரவுசரில் விளம்பரத் தடுப்பான். டைப்பிங், பிடிஎஃப், பைத்தான் பழக இது தாங்கும்.

விண்டோஸ் 7 இருக்கிற நிலையிலேயே வைத்துக்கொண்டு அதில் பேங்க் வேலை மட்டும் வேண்டாம். அதற்கு 2020 ஜனவரியிலேயே பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 10 இருந்தால், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டில் சேர்ந்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் உண்டு. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜில் போடாதீர்கள். கழற்றி வைத்துவிட்டு நேரடியாக அடாப்டரில் ஓட்டலாம்.