கடலைத் தட்டைப் பிடுங்காதீர்கள்

வாயும் வயிறுமாக இருக்கும் பெண் அவித்த கடலையில் கை வைத்தால், ‘பிள்ளைக்குக் கரப்பான் வரும்’ என்று தட்டை நகர்த்தி வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. முட்டைக்கும் மீனுக்கும் அதே தடைதான். கரப்பானோடு இப்போது ‘அலர்ஜி’ என்ற சொல்லும் சேர்ந்துகொண்டதில், தடைக்கு மருத்துவச் சாயல் வந்துவிட்டது. ஆதாரம் மட்டும் வரவில்லை.

‘வெளிநாட்டு அரசாங்கமே சொன்னதுதானே?’ என்கிறார்கள். சொன்னது உண்மை. ஆஸ்துமா, கரப்பான், ஒவ்வாமை உள்ள குடும்பத்துக் கர்ப்பிணிகள் நிலக்கடலையைத் தவிர்க்கலாம் என்று 1998இல் பிரிட்டன் சுகாதாரத் துறை அறிவுரை தந்தது. அது வெறும் முன்னெச்சரிக்கை. 2009இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். முதல் செய்தி பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை.

‘தாய் தின்றது பிள்ளைக்குப் போகாதா?’ நியாயமான கேள்வி. தாய்ப்பாலில் கடலைப் புரதம் சிறிதளவு இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு புரதம் உடலுக்குள் போவது வேறு, உடல் அதைப் பகையாக எண்ணுவது வேறு. பிரிட்டன் குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2003இல் வெளியானது. கர்ப்பத்தில் தாய் கடலை தின்றதற்கும் பிள்ளையின் கடலை ஒவ்வாமைக்கும் அதில் தொடர்பு தென்படவில்லை. தொடர்பு தெரிந்தது, புண்பட்ட தோலில் தடவிய கடலை எண்ணெய்க் களிம்போடு! வெடித்த தோல் வழியே நுழைவது பகையாகவும், வாய் வழியே வருவது பழக்கமாகவும் ஆகலாம் என்ற கருத்து அதிலிருந்து வலுத்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிடியன் லேக் குழு, கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளை ஐந்து வயதுவரை கவனித்தது. கடலை உண்டு வளர்ந்தவர்களில் சுமார் 3 சதவீதத்தினருக்கும், தவிர்த்தவர்களில் சுமார் 17 சதவீதத்தினருக்கும் கடலை ஒவ்வாமை வந்தது. 2015இல் வந்த இந்த முடிவு பிள்ளை தானே உண்டதைப் பற்றியது, கருவறையைப் பற்றியதல்ல. ஆனாலும் ‘ஒதுக்கினால் தப்பலாம்’ என்ற நம்பிக்கையின் வேரையே அது அசைத்துவிட்டது.

எதிர்த்தரப்பின் கையில் 2010இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு இருக்கிறது. கர்ப்பத்தில் கடலை அதிகம் தின்ற தாய்மாரின் குழந்தைகளுக்கு ரத்தத்தில் கடலைக்கு எதிரான எதிர்ப்புப் புரதம் கூடுதலாக இருந்தது. ரத்தத்தில் அது இருப்பதாலேயே ஒவ்வாமை என்று ஆகிவிடாது. மேலும், அந்தக் குழந்தைகள் பால் அல்லது முட்டை ஒவ்வாமை ஏற்கெனவே இருக்கக்கூடியவர்கள் என்று பார்த்துச் சேர்க்கப்பட்டவர்கள். தாயின் பத்தியம் பிள்ளையின் ஒவ்வாமையைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்க வாய்ப்பில்லை என்றே மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2012ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு சொல்கிறது. கடலை தின்றால் பிள்ளையைக் காக்கும் என்றும் நான் எழுத மாட்டேன். அதற்கும் உறுதியான சான்று இல்லை.

‘ஒதுக்கினால் என்ன நஷ்டம்?’ என்ற கேள்விதான் என்னை அதிகம் வருத்துகிறது. இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. அப்படிப்பட்டவளிடமிருந்து மலிவாகக் கிடைக்கும் கடலையையும் முட்டையையும் மத்தியையும் பிடுங்கினால், சத்துக்கு அவள் எங்கே போவாள்?

தாய்க்கே கடலை ஒவ்வாமை இருந்தால் அவள் தொடக் கூடாது. பெரிய சுறாவைத் தவிர்க்கச் சொல்வது பாதரசத்துக்காக. அது வேறு கதை. கடும் கரப்பான் உள்ள குழந்தைக்குக் கடலை தொடங்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். எந்தக் குழந்தைக்கும் முழுக் கடலை வேண்டாம், தொண்டையில் அடைக்கும். நைஸாக அரைத்துக் கஞ்சியில் கரைத்துக் கொடுங்கள்.