குருவுக்குத் திருப்பிக் கொடுத்த பாடம்

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கிய மாத்திரத்தில் விளக்குகளைப் பளீரென்று போட்டு, வாசற்கதவுகளையும் விரியத் திறந்துவிட்டு, இன்னும் எழுந்திராமல் உட்கார்ந்திருப்பவனை முறைத்துப் பார்க்கும் நம் தியேட்டர்க்காரர்களின் வழக்கத்தைப் பற்றி இப்பத்தியில் நான் புலம்பாத வருஷமே கிடையாது என்பதை நெடுநாள் வாசகர்கள் அறிவார்கள். ‘இந்த மனிதருக்கு வேறு விஷயமே அகப்படாதா?’ என்று கடிதம் எழுதிக் கேட்டவர்களும் உண்டு. அவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த வாரம் என் புலம்பலுக்குப் புதிய நியாயம் ஒன்று கிடைத்துவிட்டது.

ரையன் கூக்ளரின் ‘சின்னர்ஸ்’ படத்துக்குப் போயிருந்தேன். 1932-ஆம் வருஷத்து மிஸ்ஸிஸிப்பி. பாதிரியாரின் மகனான ஓர் இளைஞன் தகப்பனாரின் கண்டிப்பையும் மீறிக் கிதாரைக் கீழே வைக்க மறுக்கிறான். போதாததற்கு நடுவே இரத்தக் காட்டேரிகள் வேறு. கதை தீர்ந்ததென்று ஜனங்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்த அந்தச் சந்தடியில்தான், ஓடும் பெயர்களுக்கு மத்தியில், அறுபது வருஷம் கடந்து கிழவனாகிவிட்ட அதே இளைஞனைக் காட்டுகிறார்கள். கிழவராக வருபவர் வேறு யாருமல்லர், பட்டி கய். எண்பத்தெட்டு வயதைத் தாண்டிய அந்த ப்ளூஸ் சங்கீத மகா வித்துவானின் தரிசனம், அன்று எனக்கும் துடைப்பத்தோடு பொறுமையிழந்து நின்ற பணியாளருக்கும் மட்டுமே வாய்த்தது.

லூயிஸியானாவில் ஏழைக் குத்தகைக் குடும்பத்தில் பிறந்த பட்டி கய், 1957-ல் சிகாகோவுக்குப் போய்ப் பிழைப்புக்கு வழியின்றி, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று பட்டினியோடு யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில், ரொட்டியும் இறைச்சியும் கொடுத்துப் பசியாற்றி அவரை நிறுத்திக்கொண்டவர் மடி வாட்டர்ஸ். அந்த மடி வாட்டர்ஸ் இளைஞராக இருந்த காலத்தில் வாய் பிளந்து கேட்டு நின்றது சன் ஹௌஸின் வாசிப்பை. படத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் சன் ஹௌஸ் என்ற பெயரை எழுதிவிட்ட பிறகு படத்துக்குத் திரும்புவது என்னால் ஆகிற காரியமில்லை.

1902-ல் பிறந்த ஹௌஸ், இளம் பிராயத்திலேயே பிரசங்க பீடம் ஏறியவர். ப்ளூஸைப் பாவிகளின் சங்கீதமென்று வெறுத்தவர். இருபத்தைந்து வயதை ஒட்டி ஒருநாள், யாரோ ஒருவர் புட்டிக் கழுத்தை விரலில் மாட்டிக் கிதார்த் தந்திகளின்மேல் வழுக்கி வாசிக்கக் கேட்டார். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடைப்பட்ட வெளியெல்லாம் அந்த வழுக்கலில் எப்படிப் பேசும் என்பதைக் கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்று தொட்டுப் பிரசங்கியாரும் பாடகரும் ஒரே உடம்பில் குடியிருந்துகொண்டு ஆயுள் முழுதும் சச்சரவிடலானார்கள். 1930-ல் கிராஃப்டன் என்ற சிற்றூரில் பாரமவுண்ட் கம்பெனிக்குச் சில இசைத்தட்டுகள் பாடினார், அவை விலைபோகவில்லை. 1941-லும் 1942-லும் ஆலன் லோமாக்ஸ் என்ற நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக அவரைப் பதிவு செய்தார். லோமாக்ஸ் வருவதற்கு முன்பே, கச்சேரி இடைவேளைகளில் பெரியவர்களின் கிதாரை எடுத்துக் கர்ணகடூரமாக மீட்டி ஏச்சு வாங்கிய ஒரு பையனைப் பற்றி ஹௌஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன்தான் பின்னாளில் ப்ளூஸில் பெரும்பெயர் பெற்ற ராபர்ட் ஜான்ஸன்.

1943 விசித்திரமான வருஷம். அவ்வருஷம் மடி வாட்டர்ஸ் சிகாகோவுக்குப் போனார். ஹௌஸ் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டருக்குப் போனார். முன்னவர் தம் கிதாருக்கு மின்சாரம் ஏற்றி, அவருடைய பாட்டொன்றின் பெயரை இங்கிலாந்துப் பிள்ளைகள் தங்கள் குழுவுக்கே சூட்டிக்கொண்டு ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ ஆகும் அளவுக்கு வளர்ந்தார். பின்னவர் ரயில்வே உத்தியோகத்தில் அமர்ந்து, தோழர் வில்லி பிரவுனும் காலமான பின், கிதாரையே துறந்தார். அதே வருஷம் பாஸ்டனுக்கு அருகே ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் ஆலன் வில்ஸன் என்ற குழந்தை பிறந்தது.

1964 ஜூனில், டிக் வாட்டர்மன், நிக் பெர்ல்ஸ், ஃபில் ஸ்பைரோ என்ற மூன்று இளைஞர்கள் மிஸ்ஸிஸிப்பியெல்லாம் விசாரித்து அலைந்து, கடைசியில் ஹௌஸை ராச்செஸ்டரில் கண்டுபிடித்தபோது, அவர் வீட்டில் கிதார் இல்லை. கைகளில் நடுக்கம் இருந்தது. பழைய பாட்டுகள் விரல்களை விட்டு அகன்றிருந்தன. அப்போதுதான் வில்ஸனை அழைத்தார்கள். இருபத்தொரு வயது, மங்கிய பார்வை, கூச்ச சுபாவம். ஆனால் ஹௌஸின் பழைய பதிவுகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். கிழவருக்கு எதிரே கிதாரோடு உட்கார்ந்து, 1930-ல் இப்படி வாசித்தீர்கள், 1942-ல் அதையே இப்படி மாற்றிக்கொண்டீர்கள் என்று, ஹௌஸின் சங்கீதத்தை ஹௌஸுக்கே வாசித்துக் காட்டினார். கற்பித்தார் என்பது மிகை, ஞாபகப்படுத்தினார் என்றே சொல்ல வேண்டும் என்பாரும் உண்டு. அந்த பேதத்தில் எனக்கு அக்கறையில்லை. பாடாந்தரம் என்பது மலையிலிருந்து இறங்கும் ஆறு, அது கீழ்நோக்கியே பாயும் என்று சாதிக்கும் நண்பர்களுக்கு நான் எடுத்துக்காட்டும் சான்று இதுதான்.

மறுவருஷம் ஜான் ஹாமண்ட் ஹௌஸை நியூயார்க்குக்கு வரவழைத்துக் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பதிவு செய்தார். அத்தட்டில் இரண்டு பாட்டுகளுக்கு வில்ஸனே பக்கவாத்தியம். ஆனால் வேறு இரண்டு பாட்டுகளில் கிதாரே இல்லை; கிழவர் கையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு, அந்தத் தாளமும் சற்றே முன்னும் பின்னும் போக, கனத்த குரலில் பாடுகிறார். விரல்கள் இழந்ததைத்தான் சிஷ்யர் மீட்டுக் கொடுத்தார். குரல் யாருடைய உதவியையும் எதிர்பார்த்திருக்கவில்லை. இவ்விரண்டும் ஒரே தட்டில் பக்கம் பக்கமாக நிற்பதனால்தான், எதைக் கற்பிக்க முடியும், எதைக் கற்பிக்க முடியாது என்பது எனக்கு எந்த இலட்சண நூலையும் விடத் தெளிவாக விளங்கிற்று.

கறுப்பரின் துயரத்தில் விளைந்த சங்கீதத்துக்கு வெள்ளைக்காரப் பிள்ளை எப்படி வாரிசாகலாம் என்ற கேள்வி நியாயமானது. அதை நான் தட்டிக் கழிக்கவில்லை. மடி வாட்டர்ஸ் 1962-ல் பாடிய ஒரு பாட்டின் சாயலை லெட் ஸெப்பலின் குழு எடுத்தாண்டபோது, அதை இயற்றிய வில்லி டிக்ஸன் 1985-ல் கோர்ட்டுக்குப் போன பிறகே 1987-ல் சமரசம் ஏற்பட்டது. வாங்கிக்கொண்டவர்கள் பலர்; வாங்கியது யாருடையதோ அவரிடமே, ஒரு ஸ்வரம் குறையாமல் கொண்டுபோய் வைக்கக் கூடியவர் எத்தனை பேர்? பிறப்பாலோ ரசனையாலோ மட்டும் ஒருவன் வாரிசாகிவிடுவதில்லை. உடையவர் வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்கக் கூடியவனே வாரிசு என்பது என் அபிப்பிராயம்.

வில்ஸன் 1970-ல் தமது இருபத்தேழாம் வயதில் இறந்தார். ஜான்ஸனும் 1938-ல் அதே வயதில்தான் இறந்தார். மடி வாட்டர்ஸ் 1983-ல் மறைந்தார். இவர்கள் அனைவருக்கும் பின்னும் ஜீவித்திருந்து 1988-ல்தான் குரு கண்ணை மூடினார். ஊருக்குப் பிரசங்கம் செய்த வாயால் ப்ளூஸையே பிரசங்கிப்பதாக அவர் பாடிய பாட்டை, முதலில் 1930-ஆம் வருஷத்துத் தட்டிலும் பிறகு 1965-ஆம் வருஷத்துத் தட்டிலும் வாசகர்கள் கேட்க வேண்டும். எது மூலம், எது பாடாந்தரம் என்று நிச்சயமாகத் தீர்ப்புச் சொல்லக் கூடியவர்கள் எனக்கு எழுதலாம். ஆனால் தியேட்டர் விளக்குகளைப் பற்றிய கடிதங்களுக்கே முதலில் பதில் எழுதுவேன்.