கொழுகொழு குழந்தையும் கணையத்தின் கணக்கும்



சென்ற முறை வடகம், வற்றல் என்று எழுதினேன். இந்த முறை சமையல் குறிப்பு கிடையாது. ஆனால் அடுப்பு உண்டு. அந்த அடுப்பு நம் வயிற்றுக்குள்ளேயே எரிகிறது. அதைப் பற்றி நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் மகள் தலைச்சன் பிள்ளை உண்டாகி ஆறாம் மாதம். முதல் தடவை காட்டப் போனபோதே சர்க்கரை பார்த்தார்கள், சரியாக இருந்தது. ஆறாம் மாதம் மறுபடி பார்க்க வேண்டும் என்று வரச் சொன்னார்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அவ்வளவுதான். கேட்டதும் என் மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒரு தடவ பாத்தாச்சுல்ல? புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு வெறும் சக்கரத் தண்ணியக் குடுத்து மறுபடி ஊசி குத்துவாங்களா? நாங்கள்லாம் பெக்கலியா?"

மகளும், "வேணாம்மா, நெனைச்சாலே கொமட்டுது" என்றாள். வழக்கமாக மாமியார் சொல்லுக்கு மறுசொல் சொல்ல மாட்டேன். அன்று சொன்னேன். "இல்லீங்க அத்தே, கூட்டிட்டுப் போய்த்தான் தீரணும்" என்று புடவை மாற்றக் கிளம்பிவிட்டேன். காரணம் என் மகன்.

அவன் பிறந்தது 2005-ல். நாலே கால் கிலோ! கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவே வந்து பார்த்தது. "கொழுகொழுன்னு ராசா மாதிரி இருக்கான்" என்று சொல்லாதவர் இல்லை. இவரும் கல்கண்டு வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். ஆனால் சில மணி நேரத்தில் குழந்தை வியர்த்துப்போய், கை கால் உதறி, பால் குடிக்காமல் துவண்டுவிட்டான். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று டிரிப்ஸ் ஏற்றி, இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். வீட்டில் 'கண்ணு பட்டுடுச்சு' என்றார்கள். நானும் நம்பினேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன். மருத்துவமனையில் வயதான நர்ஸம்மா ஒருவர் மட்டும், "அடுத்த புள்ள உண்டானா சர்க்கரை பாத்துக்கம்மா" என்றார். அடுத்த பிள்ளை இல்லை. அந்த வார்த்தையும் அப்படியே நின்றுபோயிற்று.

மகளுக்கு 158 வந்தது. 140-ம் அதற்கு மேலும் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கணக்காம். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் என் மகன் கதையைச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை எடுத்து, சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

இரைப்பைக்குப் பின்னால் ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்குக் கணையம் இருக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் திட்டுகள் சுமார் பத்து லட்சம். 1869-ல் இவற்றை முதலில் கண்டு எழுதியவர் ஜெர்மனியில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ். அதனால் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று பெயர். அந்தத் திட்டுகளில் உள்ள பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் செய்கின்றன.

ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று அந்தச் செல்லுக்கு எப்படித் தெரியும்? நாம் பாயசத்தை நாக்கில் விட்டுப் பார்க்கிறோம். அதற்கு நாக்கு ஏது? தானே கொஞ்சம் சர்க்கரையை எரித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது! ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் செல்லுக்குள்ளும் அதிகம் போகும். குளுக்கோகைனேஸ் என்ற நொதி அதைப் படி போட்டு அளந்து அடுப்புக்கு அனுப்பும். எரிந்ததும் ஏடிபி என்கிற சக்திப் பொருள் உண்டாகும். அது சேரச் சேர, செல்லின் சுவரில் உள்ள பொட்டாசியம் கதவு சாத்திக்கொள்ளும். உடனே செல்லின் மின்நிலை மாறி, கால்சியம் கதவு திறக்கும். கால்சியம் உள்ளே பாய்ந்ததும், தயாராகக் கட்டி வைத்த இன்சுலின் பொட்டலங்கள் சுவர் ஓரம் வந்து ரத்தத்தில் கொட்டும். சில நிமிடங்களில் முதல் வீச்சு. பிறகு நிதானமாக இரண்டாவது. சர்க்கரை இறங்கினால் அடுப்பும் தணியும், பொட்டாசியம் கதவு மறுபடி திறக்கும், இன்சுலினும் குறையும். எந்தக் கெட்டிக்காரக் குடும்பத்தலைவி இப்படி அளந்து செலவு செய்வாள், சொல்லுங்கள்!

பிள்ளை உண்டானால் இந்தக் கணக்குக்குச் சோதனை வருகிறது. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடம்பில் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. பிள்ளைக்குச் சத்துப் போய்ச் சேரட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. ஆகவே மாதம் ஏற ஏற, பீட்டா செல்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூட இன்சுலின் தர வேண்டியிருக்கும். நம் பக்கத்தில் கரும்பு வெட்டும் காலத்தில் பார்த்திருப்பீர்களே. ஆலை அரைக்கிற அளவுதான் அரைக்கும். கரும்பு கூடிப்போனால் லாரியும் டிராக்டரும் சாலையோரம் வரிசையாக நிற்கும். அதுபோல, கணையத்தால் ஈடுகொடுக்க முடியாமல் போனால் சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கி நிற்கும். இது அந்தப் பெண் செய்த குற்றமல்ல.

அடுத்துச் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. தாயின் சர்க்கரை தொப்புள்கொடி வழியே பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. வந்து குவிகிற சர்க்கரையைச் சமாளிக்க, பிள்ளையின் பிஞ்சுக் கணையம் தானே இன்சுலினை அள்ளி அள்ளிச் சுரக்கும். அதனால்தான் குழந்தை கொழுகொழுவென்று வளர்கிறது. பிறந்து கொடியை அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிடும். ஆனால் பழகிப்போன இன்சுலின் உடனே நிற்காது. அதனால் குழந்தையின் சர்க்கரை கீழே இறங்கிவிடும்.

கண்ணும் படவில்லை, ஒன்றும் படவில்லை. நாங்கள் கல்கண்டு கொடுத்துக் கொண்டாடிய அந்தக் கொழுகொழுப்பே அறிகுறியாக இருந்திருக்கிறது! இப்போது அவன் கல்லூரியில் படிக்கிறான், நன்றாக இருக்கிறான். ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்து அழுதேன்.

நம் தமிழ்நாட்டில் இதற்காகப் பாடுபட்டவர் சென்னை டாக்டர் வீ.சேஷய்யா. அவர் குழுவினர் நடத்திய ஆய்வில் நகரங்களில் கர்ப்பிணிகள் நூறு பேருக்கு 18 பேர், சிறு நகரங்களில் 14 பேர், கிராமங்களில் 10 பேர் என்ற அளவில் இது தெரியவந்தது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2007-ல் தமிழக அரசு ஆணை போட்டது. வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. எப்போது சாப்பிட்டிருந்தாலும் பார்க்கலாம் என்று இதைச் சுலபமாக்கியதும் அவர்கள்தான். விடியற்காலைப் பஸ்ஸில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைத்தாச்சிக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

மலை என்றதும் ஞாபகம் வருகிறது. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து சாமையும் தேனும் கொண்டுவரும் அம்மாளிடம் மகளுக்காகச் சாமை கேட்டேன். "முன்னெல்லாம் மூணு வேளையும் எங்களுக்கு இதுதான் யக்கா. இப்ப நாங்களே ரேசன் அரிசிதான் திங்கறோம்" என்று சிரித்தாள். சாமை நல்லதுதான். ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். வட்டில் நிறையத் தின்றால் பலனில்லை. அளவாகச் சாமைச் சோறு, நிறையக் கீரை, காய், பருப்பு, முட்டை என்று மகளுக்கு மாற்றினோம். ஒரே வேளையில் குவிக்காமல் பிரித்துக் கொடுத்தோம். மரவள்ளிக்கிழங்கையும் ஜவ்வரிசிக் கஞ்சியையும் நிறுத்தினோம். இரண்டும் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றிவிடும். சாப்பிட்டபின் மெதுவாக ஒரு நடை. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் இருக்க வேண்டும். இரண்டு வாரம் பார்த்து, இறங்காவிட்டால் மருந்து, இன்சுலின் என்றார்கள். அவளுக்கு இறங்கிவிட்டது. இறங்காமல் இன்சுலின் போடச் சொன்னாலும் பயப்படாதீர்கள். களைத்த கணையத்துக்குக் கைகொடுக்கிற துணை அது.

கடைசியாக என் கதை. அன்று டாக்டரம்மா, "இருபது வருஷமா உங்களுக்கு நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டு என் விரலையும் குத்தினார். 236! கர்ப்பகாலச் சர்க்கரை பெரும்பாலும் பிரசவத்தோடு போய்விடுமாம். ஆனால் அந்தத் தாய்க்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்காம். மறு பரிசோதனையிலும் உறுதியாகி, இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். அதில் ஒன்று, மேலே சொன்ன பொட்டாசியம் கதவைச் சாத்துகிற மாத்திரை. சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று பார்க்காமலே சாத்திவிடும். அதனால் விரதம் என்று பட்டினி கிடந்து அதை மட்டும் விழுங்கக் கூடாது. சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வந்துவிடும். என் சஷ்டி விரதத்தை டாக்டரிடம் கேட்டுத்தான் மாற்றிக்கொண்டேன்.

சகோதரிகளே, குளுக்கோஸ் தண்ணீர் குமட்டும்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுங்கள். சர்க்கரை இருந்தது என்றால், பிள்ளை பிறந்து ஆறு வாரத்தில் மறுபடி பாருங்கள், பிறகு வருஷா வருஷம் பாருங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகிற நாளிலேயே உங்களுக்கும் பார்த்துக்கொண்டு வரலாமே!

என் மாமியார் இப்போது என்ன சொல்கிறார் தெரியுமா? "எனக்கும் ஒருக்கா பாத்துடேன்டி."