பணம் கேட்பவர் பதிப்பாளரா?

முதல் நாவலை எழுதி முடித்தவருக்கு, எழுதியதைவிடப் பெரிய வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. பதிப்பகம் தேடுவது! நான்கு இடத்துக்குக் கைப்பிரதி அனுப்புவார். மூன்று இடத்திலிருந்து பதிலே வராது. நான்காவது இடத்திலிருந்து ஃபோன் வரும். "நாவல் பிரமாதம் சார், போட்டுடலாம். ஒரு அம்பதாயிரம் மட்டும் நீங்க குடுத்தா போதும்."

அந்த "மட்டும்" இருக்கிறதே, அதில்தான் விஷயமே இருக்கிறது.

பதிப்பாளர் என்றால் யார்? அச்சடிப்பவரா? அதற்கு அச்சகம் இருக்கிறது. அட்டை போடுபவரா? அதற்கு ஓவியர் இருக்கிறார். இந்தப் புத்தகம் விற்கும் என்று நம்பித் தன் பணத்தைப் போடுகிறவர்தான் பதிப்பாளர். எழுத்தாளருக்குச் சின்ன சதவீதத்தை ராயல்டியாகக் கொடுத்துவிட்டு மிச்சத்தை அவர் வைத்துக்கொள்வதற்கு நியாயமும் அந்த ரிஸ்க்தான்.

ஒரு பேச்சுக்குக் கணக்கு போடலாம். 300 பிரதி, ஒரு பிரதிக்கு 100 ரூபாய் என்று வைத்தால் செலவு 30,000. எழுத்தாளரிடம் வாங்கியது 50,000. ஒரு பிரதிகூட விற்காமலே 20,000 லாபம்! இனி கடை கடையாக ஏறி இறங்கி அந்தப் புத்தகத்தை அவர் ஏன் விற்க வேண்டும்? அவருடைய வாடிக்கையாளர் வாசகர் அல்ல, எழுத்தாளர். அடுத்த ஏமாளியைத் தேடுவதுதான் அவருக்கு லாபம்.

ஆர்.கே.நாராயண் கதையைப் பாருங்கள். மைசூரிலிருந்து அவர் அனுப்பிய முதல் நாவலை லண்டன் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. வெறுத்துப்போய், ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பரிடம் கல்லைக் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிடச் சொன்னார். நண்பரோ அதை கிரஹாம் கிரீனிடம் கொடுத்தார். கிரீன் சிபாரிசில் 1935-ல் ஹாமிஷ் ஹாமில்டன் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' நாவலை வெளியிட்டது. புத்தகம் சரியாகப் போகவில்லை. அடுத்த நாவலை அவர்கள் எடுக்கவும் இல்லை, அது 1937-ல் வேறு பதிப்பகத்தில் வந்தது. ஆனால் முதல் நாவலின் நஷ்டம் யார் தலையில் விழுந்தது? பதிப்பாளர் தலையில். நாராயண் அடுத்ததை எழுதிக்கொண்டிருந்தார்.

உடனே ஒருவர் கேட்பார், "மார்செல் ப்ரூஸ்ட் சொந்தக் காசில்தானே போட்டார்?" உண்மைதான். பதிப்பகங்கள் மறுத்த பிறகு 1913-ல் தன் செலவில்தான் கிராஸே மூலம் வெளியிட்டார். ஆனால் ப்ரூஸ்ட் பெரும் பணக்காரர். அந்தக் காசு போனால் அவர் வீட்டில் அடுப்பு அணைந்துவிடாது. பி.எஃப். பணத்தை எடுத்து, மனைவியின் வளையலை அடகு வைத்து நாவல் போடுகிறவரிடம் ப்ரூஸ்டைக் காட்டுவது அயோக்கியத்தனம்.

சின்னப் பதிப்பகங்களுக்கும் கஷ்டம் உண்டு. நூலக ஆர்டரை நம்பிப் பிழைப்பு நடத்துவது எளிதல்ல. அப்படியானால் "முடியாது" என்று நேராகச் சொல்லட்டும். அது மரியாதையான பதில். இல்லை, "நாங்கள் அச்சடித்துத் தருகிறோம், இதுதான் கூலி" என்று சொல்லட்டும். அதுவும் நேர்மையான தொழில். அச்சுக்கூலியும் வாங்கிக்கொண்டு, உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டு, "வாய்ப்பு கொடுத்தோம்" என்று மேடையில் பேசுவதுதான் தாங்க முடியவில்லை.

கையெழுத்து போடும் முன் 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ம் பிரிவை ஒரு முறை படிப்பது நல்லது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றுதான் அர்த்தம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி. "எல்லா உரிமையும் நிரந்தரமாக" என்று டைப் செய்து நீட்டுகிறவருக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும். தெரியாதவர் எழுத்தாளர்தான்.

சொந்தக் காசில்தான் போட வேண்டும் என்றால் நேராக அச்சகத்துக்குப் போகலாமே! பிரதிகளும் கையில் இருக்கும், உரிமையும் கையில் இருக்கும். அந்த 20,000 ரூபாயும் வீட்டில் இருக்கும்.