மானிட்டர் வாங்கப் போறீங்களா? கேமிங், சினிமா இரண்டுக்கும் எது சரி... ஜிஎஸ்டி குறைப்பு யாருக்கு லாபம்?

பகலில் படிப்பு அல்லது ஆபீஸ் வேலை, சாயங்காலம் நண்பர்களோடு ஆன்லைனில் ஒரு கேம், ராத்திரி சாப்பிட்ட பிறகு ஓடிடி-யில் ஒரு படம். இது மூன்றுக்கும் மூன்று ஸ்கிரீன் வாங்க எல்லா வீட்டிலும் பட்ஜெட் இருக்காது. ஒரே மானிட்டர்தான் எல்லா வேலையும் பார்க்க வேண்டும். ஒருமுறை வாங்கிவிட்டால் ஐந்தாறு வருஷத்துக்கு அதை மாற்றவும் மனசு வராது.

இதற்கிடையே ஜிஎஸ்டி குறைந்துவிட்டது என்ற செய்தியும் சேர்ந்துகொண்டது. அப்படியென்றால் எல்லா மானிட்டரும் விலை குறைந்துவிட்டதா? 240 ஹெர்ட்ஸ், 1 மில்லி செகண்ட், எச்டிஆர் என்று பாக்ஸில் போட்டிருப்பதை எல்லாம் நம்பலாமா? கேமுக்கும் சினிமாவுக்கும் சேர்த்து ஒரே மானிட்டர் வாங்குபவர்கள் எதைப் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஜிஎஸ்டி குறைப்பு: எந்த மானிட்டருக்கு?

2025 செப்டம்பர் 3-ம் தேதி கூடிய 56-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில், டிவி, மானிட்டர், புரொஜெக்டர் ஆகியவற்றின் வரியை 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைக்க முடிவு எடுக்கப்பட்டது. செப்டம்பர் 22 முதல் இது அமலுக்கு வந்தது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. 32 இன்ச் வரையிலான மானிட்டர்களுக்கு 2019 ஜனவரி 1 முதலே 18 சதவீத வரிதான். அதாவது 24 இன்ச், 27 இன்ச், 32 இன்ச் மானிட்டர்களின் வரியில் புதிதாக எந்த மாற்றமும் இல்லை. வரி குறைந்தது 32 இன்ச்-ஐத் தாண்டிய பெரிய ஸ்கிரீன்களுக்கு மட்டும்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வரி சேர்க்காமல் ரூ.30,000 அடிப்படை விலை உள்ள 34 இன்ச் அல்ட்ரா வைட் மானிட்டர் முன்பு 28 சதவீத வரியோடு ரூ.38,400 ஆனது. இப்போது 18 சதவீத வரியோடு ரூ.35,400. மிச்சம் ரூ.3,000. அதே அடிப்படை விலையில் 27 இன்ச் மானிட்டர் என்றால் அன்றைக்கும் ரூ.35,400, இன்றைக்கும் ரூ.35,400.

அதனால், 27 இன்ச் மானிட்டரைக் காட்டி ‘ஜிஎஸ்டி குறைஞ்சதால இந்த விலை’ என்று யாராவது சொன்னால், அது கடையோ கம்பெனியோ தரும் சாதாரணத் தள்ளுபடியாகத்தான் இருக்கும். தள்ளுபடி கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அதை வரிக்குறைப்பு என்று நம்பி அவசரப்பட்டு வாங்க வேண்டியதில்லை.

கேமுக்கு வேகம், சினிமாவுக்குக் கறுப்பு

கேம் விளையாடுபவருக்கு ஸ்கிரீன் வேகமாக இருக்க வேண்டும். மவுஸை நகர்த்திய அதே நொடியில் படமும் நகர வேண்டும். சினிமா பார்ப்பவருக்கு வேறு தேவை. இருட்டுக் காட்சி சாம்பல் நிறத்தில் வெளுத்துப் போகாமல், கறுப்பு கறுப்பாகவே தெரிய வேண்டும்.

தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை சினிமாஸ்கோப் அளவில், அதாவது கிட்டத்தட்ட 2.39:1 என்ற அகலத்தில் எடுக்கப்படுபவை. வழக்கமான 16:9 மானிட்டரில் இவற்றைப் போட்டால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டைகள் வரும். இந்தப் பட்டைகள் மட்டுமே ஸ்கிரீனில் ஏறக்குறைய கால் பங்கை எடுத்துக்கொள்ளும். லைட்டை அணைத்துவிட்டுப் பார்க்கும்போது அந்தக் கால் பங்கு சாம்பல் நிறத்தில் மினுங்கினால், இரண்டரை மணி நேரப் படம் முழுக்க அது கண்ணை உறுத்தும். இதை எந்த ஹெர்ட்ஸாலும் சரிசெய்ய முடியாது.

மூன்று வகை பேனல்... என்ன வித்தியாசம்?

ஐபிஎஸ்: நிறம் நன்றாக இருக்கும். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் மாறாது. வேகமும் போதுமானது. பலவீனம், கறுப்பு. இதன் கான்ட்ராஸ்ட் பொதுவாக 1000:1 என்ற அளவை ஒட்டியே இருக்கும். பகலில் தெரியாது, இருட்டு அறையில் தெரியும்.

விஏ: கான்ட்ராஸ்ட் 3000:1 அல்லது அதற்கும் மேல். ராத்திரி படம் பார்க்க ஐபிஎஸ்-ஐ விட நன்றாக இருக்கும். ஆனால் விலை குறைந்த விஏ மானிட்டர்களில், இருட்டுக் காட்சியில் வேகமாக நகரும் உருவத்தின் பின்னால் மை இழுத்தது போல ஒரு தடம் தெரியும். துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுபவர்களுக்கு இது எரிச்சல்.

ஓஎல்இடி: ஒவ்வொரு பிக்ஸலும் தனியாக ஒளிரும், தனியாக அணையும். அதனால் கறுப்பு முழுக் கறுப்பு. வேகத்திலும் இதுதான் முதலிடம். இரண்டு தேவையும் ஒரே இடத்தில் நிறைவேறுவது இதில்தான். ஆனால் விலை அதிகம். டாஸ்க்பார், எக்செல் கட்டங்கள் போன்றவை ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் நின்றால் அதன் நிழல் நிரந்தரமாகப் பதிந்துவிடும் ஆபத்தும் உண்டு. இதைத்தான் பர்ன்-இன் என்கிறார்கள். பகலில் எட்டு மணி நேரம் ஆபீஸ் வேலையும் அதே ஸ்கிரீனில் செய்பவர்கள், பர்ன்-இன் வாரன்டிக்குள் வருகிறதா என்று வாரன்டி கார்டில் படித்துப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

எத்தனை ஹெர்ட்ஸ் வேண்டும்?

ஸ்கிரீன் ஒரு நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதே ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லி செகண்ட். 144 ஹெர்ட்ஸில் அது 6.9 ஆகக் குறைகிறது. 240-க்குப் போனால் 4.2. முதல் தாவலில் கிடைப்பது கிட்டத்தட்ட 10 மில்லி செகண்ட். இரண்டாவது தாவலில் மூன்றுகூட இல்லை. போட்டிகளில் ஆடுபவர்களுக்கு அந்த மூன்றும் முக்கியம். மற்றவர்கள் அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை நல்ல பேனலுக்குக் கொடுத்தால் படம் பார்க்கும்போதும் பலன் கிடைக்கும்.

சினிமாவுக்கும் ஹெர்ட்ஸுக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்க வேண்டாம். திரைப்படங்கள் நொடிக்கு 24 ஃபிரேம்களில் எடுக்கப்படுகின்றன. 60-ஐ 24-ஆல் வகுத்தால் மீதமில்லாமல் வராது. அதனால் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு ஃபிரேம் இரண்டு முறையும் அடுத்த ஃபிரேம் மூன்று முறையும் மாறி மாறிக் காட்டப்படும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் ஷாட்களில் லேசாகத் தடுக்கி நகர்வது போலத் தெரிவது இதனால்தான். 120, 144, 240 மூன்றும் 24-ஆல் சரியாக வகுபடும். 165, 180 வகுபடாது. அந்த மானிட்டர் வைத்திருப்பவர்கள் படம் பார்க்கும்போது மட்டும் செட்டிங்கில் 120 அல்லது 144-க்கு மாற்றிக்கொண்டால் போதும்.

‘1 மில்லி செகண்ட்’ என்று பாக்ஸில் இருப்பது வேறு கணக்கு. அது பிக்ஸல் நிறம் மாறும் நேரம். மிகவும் சாதகமான ஒரு நிலையில் அளந்த எண்ணாகவே அது பெரும்பாலும் இருக்கும். அதை மட்டும் வைத்து இரண்டு மானிட்டர்களை ஒப்பிடக்கூடாது.

4கே வாங்கும் முன் சிபியு-வைத் திறந்து பாருங்கள்

ஃபுல் எச்டி ஸ்கிரீனில் சுமார் 20.7 லட்சம் பிக்ஸல்கள். 1440பி-யில் சுமார் 36.9 லட்சம். 4கே-யில் சுமார் 82.9 லட்சம், அதாவது ஃபுல் எச்டி-யைப் போல நான்கு மடங்கு. ஒவ்வொரு ஃபிரேமிலும் இத்தனை பிக்ஸலையும் வரைய வேண்டியது கிராபிக்ஸ் கார்டு. ஃபுல் எச்டி-யில் நொடிக்கு 60 ஃபிரேம் தரவே திணறும் கார்டோடு 4கே மானிட்டரை இணைத்தால் கேம் ஸ்லைடு ஷோ போலத்தான் ஓடும். ரெசல்யூஷனைக் குறைத்து ஆடலாம். ஆனால் அதற்கு 4கே விலை எதற்கு?

அளவையும் ரெசல்யூஷனையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 24 இன்ச்-க்கு ஃபுல் எச்டி சரி. 27 இன்ச்-ல் ஃபுல் எச்டி வாங்கினால் மேஜை தூரத்தில் எழுத்துகள் சொரசொரவென்று தெரியும். அங்கே 1440பி பொருத்தம். 32 இன்ச்-க்கு 4கே நன்றாக இருக்கும்.

பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அந்த கன்சோல் அதிகபட்சம் 120 ஹெர்ட்ஸ்தான் தரும். அதற்காக 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்குவது வீண் செலவு. 4கே-யில் 120 ஹெர்ட்ஸ் வேண்டும் என்றால் மானிட்டரில் எச்டிஎம்ஐ 2.1 இருக்க வேண்டும். எச்டிஎம்ஐ 2.0 என்றால் 4கே-யில் 60-தான் கிடைக்கும். ‘எச்டிஎம்ஐ 2.1’ என்ற பெயர் மட்டும் போதாது. ‘4கே 120 ஹெர்ட்ஸ்’ என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எச்டிஆர் ஸ்டிக்கரை நம்பலாமா?

‘எச்டிஆர்10 சப்போர்ட்’ என்றால், அந்த சிக்னலை மானிட்டர் வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம். அதைப் பிரகாசமாகக் காட்டும் திறன் இருக்கிறது என்று அர்த்தமில்லை. வெசா அமைப்பின் ‘டிஸ்பிளே எச்டிஆர் 400’ சான்றிதழ் அடிமட்டப் படிக்கட்டு. ஓஎல்இடி மானிட்டர்களுக்கு ‘ட்ரூ பிளாக்’ என்ற தனிச் சான்றிதழ் இருக்கிறது. ஸ்கிரீனைப் பல பகுதிகளாகப் பிரித்து, இருட்டான இடத்தில் மட்டும் வெளிச்சத்தைக் குறைக்கும் மினி எல்இடி மானிட்டர்களிலும் எச்டிஆர் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மற்றவற்றில் எச்டிஆர் ஸ்டிக்கருக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

4கே மானிட்டர் இருந்தால் ஓடிடி-யும் 4கே-யில் வருமா?

தானாக வராது. உதாரணத்துக்கு, நெட்ஃபிளிக்ஸில் 4கே பார்க்க பிரீமியம் பிளான் வேண்டும். கம்ப்யூட்டரில் குரோம் பிரவுசரில் பார்த்தால் கிடைக்காது. விண்டோஸில் எட்ஜ் பிரவுசரிலோ நெட்ஃபிளிக்ஸ் ஆப்பிலோ பார்க்க வேண்டும். மானிட்டரும் கேபிள் போகும் வழியும் எச்டிசிபி 2.2 என்ற காப்புரிமைப் பாதுகாப்பை ஏற்க வேண்டும். இது தெரியாமல் 4கே மானிட்டர் வாங்கி, ஃபுல் எச்டி-யில் படம் பார்த்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, சத்தம். பல மானிட்டர்களில் ஸ்பீக்கரே கிடையாது. இருந்தாலும் வசனம் கேட்கும் அளவுக்குத்தான். ஸ்பீக்கருக்கோ ஹெட்போனுக்கோ பட்ஜெட்டில் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

யாருக்கு எது?

குறைந்த பட்ஜெட், சாதாரண கிராபிக்ஸ் கார்டு: 24 இன்ச், ஃபுல் எச்டி, 144 ஹெர்ட்ஸ் போதும். கேம்தான் முக்கியம் என்றால் ஐபிஎஸ். ராத்திரிப் படம் முக்கியம் என்றால் விஏ.

நடுத்தர பட்ஜெட், ஓரளவு நல்ல கார்டு: 27 இன்ச், 1440பி, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். இரண்டு தேவைக்கும் இதுதான் பாதுகாப்பான தேர்வு.

பிளேஸ்டேஷன் 5: 27 அல்லது 32 இன்ச், 4கே, 120 ஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐ 2.1.

சினிமா முதலில், கேம் அடுத்து: மினி எல்இடி அல்லது ஓஎல்இடி. சினிமாஸ்கோப் படம் ஸ்கிரீன் முழுக்க வேண்டும் என்பவர்கள் 34 இன்ச் அல்ட்ரா வைட் பார்க்கலாம். வரிக்குறைப்பின் பலனும் இவர்களுக்குக் கிடைக்கும். ஆனால் யூடியூப் வீடியோக்கள், பல சீரிஸ்களுக்கு இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். பிளேஸ்டேஷன் 5 இந்த அகலத்தை ஆதரிக்காது.

எந்த மானிட்டராக இருந்தாலும் ஃபிரீசிங்க் அல்லது ஜி-சிங்க் இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபிரேம் ஏறி இறங்கும்போது படம் கிழிவது போலத் தெரிவதை இது தடுக்கும்.

வாங்கும்போதும், வாங்கிய பிறகும்

சென்னை ரிச்சி தெரு போல நேரில் பார்த்து வாங்கும் இடங்களில், கடைக்காரர் ஓட்டும் கலர்ஃபுல் டெமோவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடையின் பளிச் வெளிச்சத்தில் எல்லா ஸ்கிரீனும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் போனில் ஒரு இருட்டுக் காட்சியை எடுத்துப் போய், ‘அண்ணே, இதைக் கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க’ என்று கேளுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் பாக்ஸைப் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீனை முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலத்தில் வைத்து, செத்த பிக்ஸல் புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். ஒன்றிரண்டு புள்ளிகளுக்கு மாற்றித் தருவார்களா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பில் கட்டாயம் வேண்டும். பிரச்னை தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

கடைசியாக ஒன்று. புது மானிட்டரை இணைத்ததும் விண்டோஸ் பல நேரம் 60 ஹெர்ட்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்ற வேண்டும். ஏற்கெனவே 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர்களும் இன்றைக்கு ஒருமுறை அங்கே போய்ப் பார்ப்பது நல்லது.