வார்டில் உங்கள் டாக்டர் யார்?



"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வருவது சந்தேகம்தான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தோட்டத்து டிரெஸ்ஸர் கொடுத்த மருந்தையே நம்பி வாழ்ந்த காலத்துப் பேச்சு அது.

இந்தப் பயம் நம்மவர்களுக்கு மட்டும் உரியதல்ல. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குத் தீமிதி பார்க்கப் போனவர்களுக்குச் சைனாடவுன் தெரிந்திருக்கும். அங்கே சேகோ லேன் என்று ஒரு சந்து உண்டு. உற்றார் இல்லாத ஏழைச் சீனத் தொழிலாளர்கள், நோய் முற்றியதும் அந்தச் சந்திலிருந்த 'சாவு வீடுகளில்' போய்ப் படுத்துக்கொள்வார்கள். பலர் கூடி வாழும் வீட்டில் ஒருவர் உயிர் விட்டால் ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. 1961-ல் அந்த வீடுகள் தடை செய்யப்பட்டன.

இத்தனைக்கும் சிங்கப்பூர் பொது மருத்துவமனை அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான்! இந்தியச் சிப்பாய்களின் முகாம் இருந்ததால் 'சிப்பாய் லைன்ஸ்' என்று பெயர் பெற்ற ஊட்ரம் பகுதியில் 1882 முதல் அது இருந்து வருகிறது.

இன்று ஆஸ்பத்திரிக்குப் போக யாரும் தயங்குவதில்லை. ஆனால் வார்டில் சேர்த்த பிறகு வேறொரு குழப்பம். காலையில் ஓர் இளம் டாக்டர் வந்து ரத்தம் எடுக்கிறார். பிறகு பெரிய டாக்டர் நாலைந்து பேருடன் சுற்றி வருகிறார். இருதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர் எனத் தனித்தனியே வருகிறார்கள். ஒருவர் மாத்திரையைக் கூட்டுகிறார், இன்னொருவர் குறைக்கிறார். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது யார்?

இதற்கென்றே, வார்டு நோயாளிகளை முழு மனிதராகப் பார்க்கும் பொது மருத்துவர்கள் உருவானார்கள். 1996-ல் அமெரிக்க டாக்டர்கள் இருவர் இவர்களுக்கு 'ஹாஸ்பிட்டலிஸ்ட்' என்று பெயர் சூட்டினார்கள். சிங்கப்பூர் பொது மருத்துவமனையிலும் குடும்ப மருத்துவம் படித்தவர்கள் இந்தப் பணியில் இறங்கினார்கள். அவர்கள் பார்த்த நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், செலவும் குறைந்தது என்று 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால் உயிரிழப்பு கூடவில்லை.

எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும் உங்கள் பங்கும் உண்டு. "எங்கள் அப்பாவுக்குப் பொறுப்பான டாக்டர் யார்?" என்று முதல் நாளே மிஸ்ஸியிடம் கேளுங்கள். டாக்டரிடம் பேச வீட்டில் ஒருவரை நியமியுங்கள். அண்ணன் ஒன்று, மருமகள் ஒன்று கேட்டுவந்தால் வீண் சண்டைதான் மிஞ்சும்.

வீட்டிலுள்ள மருந்து அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். லேகியம், சீன வைத்தியர் கொடுத்த வேர் எதையும் மறைக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரையோடு 'டாங் குவாய்' வேர் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஏற்படலாம். நீங்கள் சொல்லாவிட்டால் டாக்டருக்கு எப்படித் தெரியும்?

மிகவும் கவனமாக இருக்க வேண்டியது வீட்டுக்கு அனுப்பும் நாள். பையைக் கட்டும் அவசரத்தில் "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். வீட்டில் பழைய மாத்திரையும் இருக்கும், புது மாத்திரையும் இருக்கும். ஒரே மருந்து இரண்டு பெயரில் வருவதுண்டு. இரண்டையும் விழுங்கினால் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ திடீரென்று இறங்கி ஆபத்தாகிவிடும்.

ஆகவே, கட்டிலை விட்டு இறங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பழைய மாத்திரைகளில் எதை நிறுத்த வேண்டும்? என்ன கண்டால் உடனே திரும்பி வர வேண்டும்? அடுத்து யாரிடம், எந்தத் தேதியில் காட்ட வேண்டும்? பதிலை எழுதி வாங்கி, அந்தக் கடிதத்தை உங்கள் ஊர் கிளினிக்கில் காட்டுங்கள்.

கேட்பது மரியாதைக் குறைவல்ல. வார்டில் டாக்டர் பார்த்த வைத்தியம், வீட்டில் உங்கள் கையில்தான் தொடர வேண்டும். மறவாதீர்கள்!