உட்பகையும் உறவும்

உடல் ஒரு நாடு. குருதியிலும் நிணநீரிலும் உலவும் வெள்ளணுக்கள் அந்நாட்டின் காவற்படை. படைக்கு வலிமை தருவது எண்ணிக்கை மட்டும் அன்று. ஒன்றற்கொன்று செய்தி அறிவித்து ஒன்றுபட்டு நிற்கும் உறவும் ஆகும். அவ்வுறவையே வழியாகக் கொண்டு பெருகும் பகை ஒன்று உண்டு. அதுவே எச்.ஐ.வி. என்னும் நச்சுயிரி. 1983-ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலைய அறிஞர்கள் அதனைக் கண்டறிந்தனர்.

வெள்ளணுக்களுள் ஒற்றரை ஒத்தவை கிளையணுக்கள். மரக்கிளை போன்ற நீட்சிகளை உடைமையால் அவை இப்பெயர் பெற்றன. நியூயார்க்கு நகரில் ஆராய்ந்த ரால்ப் ஸ்டைன்மனும் சான்வில் கோனும் 1973-இல் அவற்றை விளக்கிக் காட்டினர். தோலிலும் கோழைப் படலங்களிலும் அவை காவல் புரிகின்றன. புகுந்த கிருமியைப் பற்றி நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டு சென்று, ஆங்குள்ள டி அணுக்களுக்கு அடையாளம் காட்டுகின்றன. அது கண்ட துணை டி அணுக்கள் பிற அணுக்களையும் போருக்கு எழுப்புகின்றன.

எச்.ஐ.வி.யோ ஒற்றர் கையில் அகப்பட்டும் முற்றும் அழிவதில்லை. எஞ்சிய பகுதி, ஒற்றரும் வீரரும் நெருங்கித் தொடும் இடத்திலே, துணை டி அணுவின் மேலுள்ள சிடி4 என்னும் புரதத்தைப் பற்றி உட்புகுகின்றது. எழுச்சியுற்ற அணுவில் அது விரைந்து பெருகும். போருக்கு எழுந்த வீரனே பகைவனுக்கு உறைவிடம் ஆகின்றான்!

அங்ஙனமாயின், அவ்வுறவை அறுத்துவிடலாமோ எனின், ஆகாது. கொல்லி டி அணுக்களைத் தூண்டி, நோயுற்ற அணுக்களை அழிக்கச் செய்வதும் அவ்வுறவே. ஒற்றரை ஒழித்த நாடு எல்லாப் பகைவர்க்கும் எளிதாகும். உறவைக் காத்துப் பகை புகும் வாயிலை மட்டும் அடைப்பதே அறிவுடைமை. இக்காலக் கூட்டு மருந்துகள் நச்சுயிரியின் பெருக்கத்தைத் தடுக்கின்றன. எனினும் உறங்கும் அணுக்களில் அது மறைந்திருத்தலால், மருந்தை இடைவிடாது கொள்ளல் வேண்டும்.

இவ்வுண்மை சமுதாயத்திற்கும் பொருந்தும். உடலினுள் அணுவோடு அணு தொடுவதால் பரவும் இந்நோய், கையோடு கை தொடுவதால் பரவாது. உடனிருந்து உண்பதாலும் பரவாது. நோயுற்ற குருதி, தூய்மையற்ற ஊசி, பாலுறவு ஆகியவற்றாலும் தாயிடமிருந்து சேய்க்குமே பரவும். இதனை அறியாது நோயுற்றாரை ஒதுக்குவோர் பலர். ஒதுக்கப்படுவோர் நோயை மறைப்பர்; மறைப்போர் மருந்தை நாடார்; மருந்தின்றி நோய் வளரும்; பிறர்க்கும் பரவும். ஆதலின், ஒதுக்குதல் நோயைத் தடுப்பதன்று. நோய்க்குத் துணை போவதேயாம். அணுக்களின் உறவை அறுத்தல் உடலுக்கு ஆகாதவாறு போல, மக்களின் உறவை அறுத்தல் நாட்டுக்கு ஆகாது.